கிளைமாக்ஸ் சொதப்பல்னு சொன்ன பாவம்

இந்தப் பதிவை ஒரு பாவமன்னிப்போட ஆரம்பிக்கிறேன். கேட்டுட்டு நாலு திட்டு திட்டிட்டுப் போங்க.

சில வருஷம் முன்னாடி நண்பர் ஒருத்தர், என்னை விட ஏழெட்டு வயசு பெரியவர், ஒரு சிறுகதை எழுதி அனுப்பினார். பன்னிரண்டு பக்கம். அக்கா, தம்பி, நடுவுல ஒரு வீட்டு மனை. "தம்பி, படிச்சுட்டு ஒளிவுமறைவு இல்லாம சொல்லணும்"னார். நானும் ஒரே மூச்சுல படிச்சேன். ஏதோ ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சுது. எதுன்னு தெரியலை. தெரியலைன்னு சொல்ல வாய் வருமா? விமர்சனப் புலியாச்சே நாம! "அண்ணே, கதை அருமை. கிளைமாக்ஸ்தான் சொதப்பல்"னு மூணு வார்த்தையில அடிச்சு அனுப்பிட்டேன்.

மனுஷன் முடிவை மாத்தி எழுதினார். அனுப்பினார். இன்னும் சரியில்லைன்னேன். மறுபடி மாத்தினார். ஒரு முடிவுல அக்கா செத்துப்போனா, இன்னொண்ணுல தம்பி கால்ல விழுந்தான், அடுத்ததுல மனை ரோடு போட எடுத்துக்கிட்டாங்க. நாலு முடிவு. அதுக்கப்புறம் அந்தக் கதையும் வரலை, அவர்கிட்டேருந்து வேற கதையும் வரலை.

இப்போ மேட்டருக்கு வர்றேன். கதை, பாட்டு, படம், நாடகம் இதோட உறுப்புகளுக்கு நாம தினமும் வாய்ல போட்டு மெல்லுற இங்கிலீஷ் வார்த்தைகள் இருக்கே, சீன், கிளைமாக்ஸ், எபிசோட், கோரஸ், ஸ்டான்ஸா, ஆல்பம்னு, அதையெல்லாம் நாம எவ்வளவு தெரிஞ்சு பேசுறோம்? என் கட்சி என்னன்னா, அரைகுறையாத்தான் பேசுறோம், அதனால நட்டம் நமக்கு மட்டும் இல்லை, எழுதினவனுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல நான் பாவம் பண்ணின வார்த்தை. கிளைமாக்ஸ்ங்கறது கிரேக்கத்துல ஏணி. வெறும் ஏணிதான், சாத்தி வெச்சு ஏறுவோமே அது. பேச்சுக்கலைக்காரங்க ஒண்ணை விட ஒண்ணு பெருசா வாக்கியங்களை அடுக்கிட்டுப் போற உத்திக்கு அந்தப் பேரை வெச்சாங்க. அதாவது படிப்படியா ஏறுறதுதான் கிளைமாக்ஸ். ஏணியோட உச்சிப்படிக்கு மட்டும் அந்தப் பேர் ஒட்டிக்கிட்டது இங்கிலீஷ்ல பிற்பாடு நடந்தது.

சரி, உச்சி எங்கே இருக்கும்? நாம சொல்லுவோம், கடைசி ரீல்லன்னு. வில்லன் குடோன், கட்டிப்போட்ட ஹீரோயின், போலீஸ் ஜீப். ஆனா 1863-ல குஸ்தாவ் ஃப்ரைடாக்னு ஒரு ஜெர்மன்காரர் நாடகக் கலையோட நுட்பம் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினார். அஞ்சு அங்க நாடகத்தை ஒரு கூம்பு மாதிரி வரைஞ்சு காட்டினார். இன்னிக்கும் இங்கிலீஷ் இலக்கிய வகுப்புல போர்டுல வரையுற முக்கோணம் அதுதான். அதுல உச்சி எங்கே தெரியுமா? நடுவுல! மூணாவது அங்கத்துல. ஏறுமுகம் ரெண்டு அங்கம், உச்சி, அப்புறம் இறங்குமுகம், கடைசியில முடிவு. ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசரை எடுத்துக்குங்க. சீசரைக் குத்துறது மூணாவது அங்கம் முதல் காட்சியிலேயே. அதுக்கப்புறம் முழுசா ரெண்டு அங்கத்துக்கு மேல நாடகம் பாக்கி இருக்கு. நம்மாளுங்க தியேட்டர்ல இருந்திருந்தா சைக்கிள் எடுக்கக் கிளம்பியிருப்பாங்க :-)

கடைசியில வர்றதுக்கு அவங்க வேற பேரு வெச்சிருக்காங்க. தேனூமோன். பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷ் அப்படியே எடுத்துக்கிட்ட வார்த்தை. அர்த்தம் முடிச்சை அவிழ்க்கிறது. இதுல ஒரு அழகு பாருங்க, கதையில முடிச்சு போட்டான், அவிழ்த்தான்னு நம்ம பாட்டிமார்களும் இதே கயித்தைத்தான் பிடிச்சிருக்காங்க.

ஆக, உச்சி வேற, முடிவு வேற. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையைப் போட்டா, "கிளைமாக்ஸ் சரியில்லை"ன்னு சொல்றப்போ எதைச் சொல்றோம்? கதை உச்சிக்கே போகலையா, போய்ட்டு இறங்கத் தெரியலையா? ரெண்டும் வேற வேற நோய். மருந்தும் வேற.

அடுத்தது சீன். இதுவும் கிரேக்கம்தான். ஸ்கேனேன்னா கூடாரம், குடிசை. நாடகம் போடற இடத்துக்குப் பின்னாடி நடிகருங்க முகமூடி மாத்தறதுக்குப் போட்ட கொட்டகை. அது பெரிய கட்டடமாச்சு, பின்னணி ஆச்சு, அந்தப் பின்னணிக்கு முன்னாடி நடக்கிற துண்டுக்கும் அதே பேர் ஆச்சு. நம்ம கூத்துல வேஷம் கட்டுற இடத்துக்கு என்ன மரியாதையோ, அந்த இடத்துல இருந்து பிறந்த வார்த்தை.

இதுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. பழைய பிரெஞ்சு நாடகத்துல ஒரு பாத்திரம் மேடைக்கு வந்தாலோ போனாலோ புது சீன் நம்பர் போட்டுருவாங்க. வேலைக்காரி காபி டம்ளரை வெச்சுட்டுப் போனாக்கூட ஒரு சீன்தான்னு வெச்சுக்குங்களேன். சினிமாவுல இடமோ நேரமோ மாறினா புது சீன். கதை எழுதறவங்களுக்கு அது இன்னும் வேற. நடக்கிறதைக் கண்ணு முன்னாடி நடத்திக் காட்டினா சீன், "மூணு வருஷம் ஓடிச்சு"ன்னு சொல்லிட்டுப் போனா அது சுருக்கம். ஒரு கதையில எதைக் காட்டுறது, எதைச் சொல்லிட்டுத் தாண்டுறதுங்கறதுலதான் பாதி உயிர் இருக்கு. நாம தமிழ்ல இதுக்குக் காட்சின்னு அழகா ஒரு வார்த்தை வெச்சிருக்கோம். ஆனா அதே காட்சிதான் தியேட்டர்ல பகல் காட்சி, மாலைக் காட்சி. அதேதான் "ஐயோ அந்தக் கோரக் காட்சி". ஒரு மாட்டுல மூணு வண்டி.

வெர்ஸ்ங்கற வார்த்தைக்கு வந்தா இன்னும் வேடிக்கை. லத்தீன்ல அது திரும்பறது. ஏர் ஓட்டறவன் வயக்கோடி வரைக்கும் போய்த் திரும்புவானே, அந்தத் திருப்பம், அதுல விழுற சால். கவிதையில வரி முடிஞ்சு அடுத்த வரிக்குத் திரும்பறது ஏர்த் திருப்பம் மாதிரின்னு எவனோ ஒரு விவசாயி மகன்தான் யோசிச்சிருக்கணும். ஸ்டான்ஸா இத்தாலியன். அர்த்தம் அறை. வரிங்க சேர்ந்து தங்கற ரூம். அறையில இருந்து அறைக்குப் போற மாதிரி கவிதைக்குள்ள நடக்கணும். நாம பள்ளிக்கூடத்துல ரெண்டாவது பாரா மூணாவது பாரான்னு சொல்லி அந்த வீட்டை இடிச்சுப் பொட்டல் ஆக்கிட்டோம்.

வெர்ஸ் ஒரு வார்த்தை, வேலை நாலு. கவிதையில ஒரு வரி, யாப்போட எழுதின எல்லாமே, பாப் பாட்டுல கோரஸுக்கு நடுவுல வர்ற சரணம் மாதிரியான பாகம், அப்புறம் பைபிள்ல நம்பர் போட்ட வாக்கியம். பைபிளுக்கு இந்த நம்பர் பிறப்புலயே வந்ததுன்னு நினைக்காதீங்க. இப்போ இருக்கிற அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஸ்டீஃபன் லாங்டன் பிரிச்சதுன்னு சொல்றாங்க. புதிய ஏற்பாட்டுக்கு இன்னிக்குப் புழங்கற வாக்கிய நம்பர்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன்ங்கற அச்சுக்காரர், 1551-ல. நம்பர் போட்டதும்தான் "எங்கே சொல்லியிருக்கு, காட்டு"ன்னு சண்டை போட வசதி வந்துச்சு. அதிகாரமும் வசனமும் எடுத்துச் சொல்லுன்னு இங்கிலீஷ்ல ஒரு வழக்கே இருக்கு, ஆதாரத்தோட பேசுன்னு அர்த்தம்.

தமிழ் பைபிள்ல வெர்ஸுக்கு வசனம்னு பேரு. சினிமாவுல வசனம்னா டயலாக். பழைய தமிழ் உரைநடைக்காரங்களைக் கேட்டா வசனம்னா ப்ரோஸ், அதாவது செய்யுள் இல்லாதது. பாரதியார் எழுதினதை வசன கவிதைன்னு சொல்றோம்ல, அந்த வசனம். ஆக வெர்ஸ்னு அவன் சொன்னதை நாம மொழிபெயர்த்தோம், அதுக்கு நேர் எதிரான அர்த்தம் இருக்கிற ஒரு வார்த்தையால! இதை யாரோட தப்புன்னும் சொல்லலை. வசனம்னா வெறுமனே சொன்னது, மொழிஞ்சதுன்னும் அர்த்தம் உண்டு, அந்த வழியில அது சரிதான். ஆனா ஒரு இங்கிலீஷ் விமர்சனத்தைத் தமிழாக்கும்போது கண்ணை மூடிட்டு வசனம்னு போட்டீங்கன்னா மூணு பேரு மூணு திசையில போய் நிப்பாங்க.

கோரஸும் அப்படித்தான். கிரேக்க நாடகத்துல அது ஆடிப் பாடுற கூட்டம். இங்கிலீஷ்ல எல்லாரும் சேர்ந்து பாடுற இடத்துக்குப் பேராகி, அப்புறம் திரும்பத் திரும்ப வர்ற பல்லவி மாதிரியான பாகத்துக்குப் பேராச்சு. ஒத்தை ஆளா உக்காந்து பாடினாலும் அங்கே அது கோரஸ்தான். நம்ம ரெக்கார்டிங் தியேட்டர்ல கோரஸ்னா இன்னிக்கும் ஆளுங்க. "கோரஸ் பொண்ணுங்க வந்தாச்சா?" நாமதான் கிரேக்கனுக்குப் பக்கத்துல நிக்கிறோம், இங்கிலீஷ்காரன் தள்ளிப் போய்ட்டான்.

இதையெல்லாம் தோண்டத் தோண்ட எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. இந்தப் பேருங்க எதுவும் பண்டிதர்கள் உக்காந்து வானத்துல இருந்து இறக்கினது இல்லை. எல்லாம் பட்டறை வார்த்தைங்க. தாளு, சுருளு, மெழுகுவர்த்தி, அடிக்கோல், வட்டிக்கணக்கு இதுல இருந்து வந்தது.

வால்யூம்னா சுருள். புஸ்தகம் சுருளா இருந்த காலத்துப் பேரு. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நாடகம் போட்ட லண்டன் உள்ளரங்கத்துல, திரியைக் கத்தரிக்கவும் மாத்தவும் இடைவேளை தேவைப்பட்டுது. அங்கத்துக்கு அங்கம் நிறுத்தறது ஷேக்ஸ்பியரோட கம்பெனியில வேரூன்றினதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்லுவாங்க. அவர் உயிரோட இருந்தப்போ தனித்தனியா அச்சான நாடகங்கள்ல பெரும்பாலும் அங்கப் பிரிவே கிடையாது. நாம இன்னிக்குப் பாக்கிற மாதிரி அங்கம், காட்சின்னு ஒழுங்கு பண்ணினதுல பெரும்பங்கு 1709-ல பதிப்பிச்ச நிக்கலஸ் ரோவுக்கு.

நாவலுக்கு வாங்க. டிக்கன்ஸோட பிக்விக் 1836-37-ல மாசாமாசம் ஒரு ஷில்லிங் விலையில தனித்தனி இதழா வந்துச்சு. அப்படி வந்த ஒவ்வொண்ணுக்கும் நம்பர்னு பேரு. அந்தக் காலத்துப் பெரிய நாவல்கள் மூணு வால்யூமா வந்ததுக்குக் காரணம் கலை இல்லை, லெண்டிங் லைப்ரரி. லண்டன்ல மியூடி நூலகத்துல ஒரு சந்தாவுக்கு ஒரு நேரத்துல ஒரு வால்யூம்தான். நாவல் மூணு துண்டா இருந்தா ஒரே நேரத்துல மூணு பேருக்கு வாடகைக்கு விடலாம். எழுத்தாளன் மூணு வால்யூமை நிரப்பறதுக்காகக் கதையை இழுத்தான். 1894-ல நூலகக்காரங்க இனி இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொன்னதும் சில வருஷத்துலேயே மூணு வால்யூம் நாவலே ஒழிஞ்சுது.

ஆல்பம்? 78 சுத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணுலேருந்து அஞ்சு நிமிஷம்தான் கொள்ளும். ஒரு சிம்பொனி கேக்கணும்னா நாலஞ்சு தட்டு வேணும். அதை போட்டோ ஆல்பம் மாதிரி உறை வெச்சு பைண்ட் பண்ணி வித்தாங்க. 1948-ல எல்பி தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டுல அடங்கினதுக்கு அப்புறமும் பேரு போகலை. இப்போ தட்டும் இல்லை, உறையும் இல்லை, ஆல்பம் மட்டும் இருக்கு. ரீலும் அப்படித்தான். 35 எம்எம்ல ஆயிரம் அடிச் சுருள், கிட்டத்தட்ட 11 நிமிஷம். அதை வெச்சுத்தான் நம்மூர்ல "பதினெட்டு ரீல் படம்"னு பேசினாங்க. அடியில அளந்ததாலதான் இன்னிக்கும் செல்போன்ல எடுத்ததைக்கூட ஃபுட்டேஜ்னு சொல்றான். ட்ரெய்லர் ஆரம்பத்துல படம் முடிஞ்சப்புறம் வால் மாதிரிப் போட்டது. வால் தலைக்கு வந்தும் பேரு மாறலை.

இப்போ சிலர் சண்டைக்கு வருவீங்க, தெரியும். ஒரு கோஷ்டி, "இதுக்கெல்லாம் தமிழ்ல பகுதின்னு ஒரு வார்த்தை போதுமே"ன்னும். போதாதுங்க. நம்ம முன்னோர்களுக்கே போதலையே! சிலப்பதிகாரம் மூணு காண்டம், முப்பது காதை. கம்பன் காண்டத்துக்குள்ள படலம் வெச்சான். சீவக சிந்தாமணிக்கு இலம்பகம். குறளுக்குப் பால், இயல், அதிகாரம். கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒவ்வொரு மூட்டுக்கும் தனிப் பேர் வெச்ச பரம்பரை, இப்போ எல்லாத்தையும் பகுதி, பாகம்னு மொத்தமா மூட்டை கட்டலாமா?

இன்னொரு கோஷ்டி, மூணு அங்க அமைப்பு, பிளாட் பாயிண்ட்னு அள்ளி விடறவங்க. சிட் ஃபீல்ட் 1979-ல திரைக்கதை பத்தி எழுதின புஸ்தகத்துல இருந்து கிளம்பின சரக்கு அது. புஸ்தகம் நல்ல புஸ்தகம். ஆனா பேரு தெரிஞ்சதாலேயே படம் புரிஞ்சுட்டதா நினைக்கிறது, ஸ்பானர் செட்டு வாங்கினதுமே மெக்கானிக் ஆயிட்டதா நினைக்கிற மாதிரி.

நடுவுல என் கட்சி. வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டு "சரியில்லைண்ணே"ன்னா அவர் என்ன கேப்பார்? எங்கே சத்தம் வருது, பிரேக் பிடிக்கும்போதா கியர் மாத்தும்போதான்னு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு பாகத்தோட பேரு தெரியணும். அது இங்கிலீஷா தமிழாங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம். நம்ம பட்டறையில புது மூட்டு வந்தா நாமளே பேரும் வைக்கலாம், வெச்சும் இருக்கோம். இன்டர்வெல் பிளாக்னு சொல்றோமே, ரெண்டுமே இங்கிலீஷ் வார்த்தை, ஆனா ஹாலிவுட்காரனைக் கேட்டா முழிப்பான். அவன் படத்துக்கு இடைவேளை கிடையாது. நம்ம தியேட்டர்ல டீயும் பாப்கார்னும் விக்கணும், அதனால படத்து நடுவுல ஒரு உச்சி வேணும், அதுக்கு ஒரு பேரு வேணும். அன்னிக்கு லண்டன்ல மெழுகுவர்த்தி, இன்னிக்கு நம்மூர்ல பாப்கார்ன். அவ்ளோதான் வித்தியாசம்.

படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா, வேண்டாம்தான். சாப்பிடறவருக்குச் சமையல் குறிப்பு தெரிய வேண்டியதில்லை. ஆனா சமைச்சவன் வந்து, "என்ன குறை, சொல்லுங்க"ன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கும்போது உப்பா புளியான்னு சொல்லத் தெரியணும். தெரியலைன்னா தெரியலைன்னாவது சொல்லணும். நான் ரெண்டையும் செய்யலை.

போன மாசம் பழைய மெயில்களைக் கிளறினப்போ அந்தக் கதை கிடைச்சுது. முதல் வடிவம். மறுபடி படிச்சேன். முடிவு எனக்கு உறைச்சுது. அக்கா அந்த மனையில புதுசா எழும்புற சுவரைப் பாத்துட்டு பஸ் ஏறிப் போயிடறா. அவ்வளவுதான். எவ்வளவு சரியான முடிவு! நாலாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு: பத்திர ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாள். அந்த ஒரு வரிதான் குறை. அக்கா பேனாவை வாங்கினது, தம்பி முகத்தைப் பாத்தானா திருப்பிக்கிட்டானா, அந்த இடத்துல யார் என்ன பேசினாங்க, எதுவும் இல்லை. கதையோட உச்சி அது. நடுவுல இருந்துச்சு, அதைக் காட்சியாக் காட்டாம ஒரு வரியில சொல்லித் தாண்டியிருந்தார். உச்சியைக் காட்டாததால முடிவு காத்துல தொங்கின மாதிரி இருந்துச்சு. நான் தொங்கினதைப் பாத்து அதையே வெட்டச் சொல்லியிருக்கேன், நாலு தடவை.

போன் போட்டேன். சுத்தி வளைக்காம சொன்னேன். "அண்ணே, முடிவு சரிதான். முதல்ல எழுதினதே சரி. நாலாம் பக்கத்துல பத்திர ஆபீஸை மட்டும் காட்சியா எழுதுங்க. அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியலை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "அந்த இடம் எனக்கு எழுத வரலை தம்பி. அதான் தாண்டிப் போனேன். நீ முடிவைச் சொன்னதும், அப்பாடா, நாலாம் பக்கத்தை யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

எழுதறேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டார்.

டிஸ்கி: இனிமே யாரு கதை அனுப்பினாலும் "கிளைமாக்ஸ்"னு எழுதறதுக்கு முன்னாடி, உச்சியைச் சொல்றேனா முடிவைச் சொல்றேனான்னு என்னையே ஒரு தடவை கேட்டுக்கறதா இருக்கேன். நீங்களும் இப்படி ஏதாவது பாவம் பண்ணியிருந்தா பின்னூட்டத்துல வந்து கொட்டுங்க. தனியா நரகத்துக்குப் போக போரடிக்குது :-)